சாரிப் படத்துக்கு ஒண்டு, கடல் படத்துக்கு இன்னொண்டு: வெப்சைட் படங்களை எதில கம்ப்ரஸ் பண்ணுறது?

மருதமுனையில கைத்தறிச் சாரி விக்கிற ஒரு நானா கடை வெப்சைட்டை என்ட கையில தந்து, "தம்பி இது திறக்கிறதுக்குள்ள வாற ஆள் ஓடிப் போயிடுறான், இந்த ஏவிஃப் எண்டு ஒண்டு சொல்றாங்களே அதுக்கு மாத்தினா சரிவருமா" எண்டு கேட்டார். அதே கிழமை அறுகம்பேயில கெஸ்ட் ஹவுஸ் நடத்துற தங்கச்சி ஒருத்தி, "அண்ணா எல்லாப் படத்தையும் வெப்பிக்கு மாத்திட்டா போதும்தானே" எண்டு மெசேஜ் போட்டா. ஏவிஃப் (AVIF), வெப்பி (WebP) எண்டது ரெண்டும் படத்தைச் சின்ன ஃபைலாச் சேமிக்கிற ஃபோர்மட். ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம், நெட்டில தேடினாலும் ஒரே பதில்தான் வரும். ஆனா ரெண்டு பேரும் விக்கிறது வேற வேற, அவங்கட படமும் வேற வேற. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இப்ப கடை, ஹோட்டல், டியூஷன் கிளாஸ் எண்டு எல்லாரும் சைட் போடத் தொடங்கிட்டாங்க, அதால ஒருதரம் ஆறுதலா எழுதி வைப்பம் எண்டு இருந்தன்.

எந்த ஃபோர்மட் எண்டு கதைக்க முதல் ஒரு கணக்குப் பாத்தே ஆகணும், ஏனெண்டா முக்காவாசி சைட்ல பிரச்சினை ஃபோர்மட்டே இல்ல. சாதாரண போன் கேமரா எடுக்கிற படம் 4000க்கு 3000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல், ஃபைல் 3, 4 எம்பி வரும். நானாட சைட்டைத் திறக்கிறவர்ட போன் ஸ்க்ரீன் அகலம் அனேகமா 1080 பிக்சல்தான். 4000 பிக்சல் அகலத்தை அனுப்பி, அதை போன் இறக்கி, சுருக்கி, 1080ல காட்டுது, மிச்சத்தைத் தூக்கி எறியுது. எறிஞ்சதுக்கும் சேத்துத்தான் அந்த மனுசன் டேட்டா காசு குடுத்திருக்கார். 1200க்கு 900 எண்டு சுருக்கினா மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல், கிட்டத்தட்ட 11ல ஒரு பங்கு. எந்தப் புது ஃபோர்மட்டும் இப்பிடி 11ல ஒண்டாக் குறைச்சுத் தராது.

நேரத்தையும் பாருங்க. வெப்சைட் வேகத்தை அளக்கிற கூகுள்ட லைட்ஹவுஸ் டெஸ்ட் மொபைலுக்கு செக் பண்ணக்குள்ள நெட் வேகம் செக்கனுக்கு 1.6 மெகாபிட் எண்டு வெச்சுத்தான் கணக்குப் போடுது. 4 எம்பி எண்டா 32 மெகாபிட், அந்த வேகத்தில ஒரு படம் வர 20 செக்கன். அதையே 200 கேபிக்குக் கொண்டு வந்தா 1 செக்கன். பேஜ்ல பெருசாத் தெரியிற முதல் படம் 2.5 செக்கனுக்குள்ள வந்திரணும் எண்டுதான் கூகுள் 'நல்லது' எண்டுற அளவையே வெச்சிருக்கு. நானாட முதல் பேஜ்ல அப்பிடி 10 படம் கிடந்திச்சு, 40 எம்பி. 1 ஜிபி டேட்டா வாங்கின ஆள் அந்தப் பேஜை 25 தரம் திறந்தா டேட்டா முடிஞ்சு. பொத்துவில் பஸ்ஸில சிக்னல் வந்து வந்து போற இடத்தில இருந்துகொண்டு ஒரு பொம்புளப்புள்ள கலியாணத்துக்குச் சாரி பாக்கிறா எண்டு நினைச்சுப் பாருங்க.

இன்னொண்டு, ஃபைலைச் சின்னதாக்கினா மட்டும் போதாது, பிக்சலையும் குறைக்கணும். போன் படத்தைக் காட்டக்குள்ள அதை மெமரியில விரிச்சுத்தான் காட்டும், ஒரு பிக்சலுக்கு 4 பைட், 1 கோடியே 20 லட்சம் பிக்சல் எண்டா 48 எம்பி. நீங்க அதை எவ்வளவுதான் கசக்கி 300 கேபி ஃபைலா அனுப்பினாலும் விரியக்குள்ள அதே 48 எம்பிதான். மெமரி குறைஞ்ச போன்ல 10 படம் அப்பிடி விரிஞ்சா ஸ்க்ரோல் பண்ணவே ஏலாம இழுபடும். நான் வெச்சிருக்கிற அளவு எண்டா, பேஜ்ல முழு அகலத்துக்கு வாற முதல் படம் 1600ல இருந்து 2000 பிக்சல் அகலம், சாமான் படம் 1200, லிஸ்ட்ல வாற குட்டிப் படம் 400, 500. இதுக்கு மேல வேணும் எண்டுறது துணியை சூம் பண்ணிக் காட்டுற படத்துக்கு மட்டும்தான், அதுக்கு மறுகா வாறன்.

படம் எங்க இருந்து வருது எண்டதையும் பாக்கணும். எங்கட பக்கம் முக்காவாசிப் படம் வட்ஸ்அப்பிலதான் வரும், நெசவு செய்யிற வீட்டில இருந்து மகள்மாரோ மருமகளோ எடுத்து அனுப்புவாங்க. வட்ஸ்அப் அதை ஏற்கனவே சுருக்கி, கசக்கித்தான் தருது. கசங்கின படத்தை நீங்க திரும்பக் கசக்கினா பழைய கறையும் புதுக் கறையும் சேந்து வரும், பிறகு ஏவிஃப் எண்டாலும் வெப்பி எண்டாலும் அதைத் திருத்தாது. டொக்கியூமெண்டா அனுப்பச் சொல்லுங்க, அப்பிடி அனுப்பினா ஒரிஜினல் ஃபைல் அப்பிடியே வரும். ஐபோன் வெச்சிருக்கிற ஆக்கள் அனுப்பினா ஹெச்ஈஐசி எண்டு ஒரு ஃபைல் வரும், 2017ல ஐபோன்ட சிஸ்டம் ஐஓஎஸ் 11 வந்ததில இருந்து அப்பிடித்தான். அதை வெப்சைட்ல நேரா போட ஏலாது, குரோம் காட்டாது, ஜேபெக்கா (JPG) மாத்தியே ஆகணும். போன் படத்துக்குள்ள எடுத்த இடத்தின்ட ஜிபிஎஸ் கூட ஒளிஞ்சு கிடக்கும். வீட்டு முத்தத்தில வெச்சு எடுத்த சாரிப் படத்தை ஒரிஜினலா அப்பிடியே போட்டா வீடு எங்க எண்டதையும் சேத்துப் போடுறீங்க, பொம்புளைகள் மட்டும் இருந்து தறி நெய்யிற வீடுகள் இருக்கு, இதைக் கட்டாயம் அழிச்சிட்டுத்தான் போடணும்.

சரி, இப்ப ஃபோர்மட்டுக்கு வருவம்.

ஜேபெக் 1992ல வந்த ஸ்டாண்டர்ட். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமாப் பிரிச்சு, கண்ணுக்குப் பெருசா விளங்காத நுணுக்கங்களைக் கழிச்சுப் போடுற முறை. பழசு எண்டு ஒதுக்குற ஆக்கள் கணக்க, நான் அப்பிடிச் சொல்லமாட்டன். 2014ல ஃபயர்ஃபொக்ஸ் ப்ரவுசர் செய்யிற மொசில்லா விட்ட மொஸ்ஜேபெக் எண்ட என்கோடரால, அதாவது படத்தைக் கசக்கி ஃபைலாக்கிற ப்ரோக்ராமால செஞ்சா அதே ஜேபெக் இன்னும் சின்னதா வரும், பழைய ஃபோன், பழைய கொம்பியூட்டர், ஈமெயில், பிரிண்ட் அடிக்கிற கடை எண்டு எங்கயும் திறக்கும். இதில எனக்குப் பிடிச்ச விசயம் ப்ரோக்ரெசிவ். படம் மேல இருந்து கீழ ஒவ்வொரு கோடா வராம, முதல்ல மங்கலா முழுப்படமும் வந்து பிறகு தெளியும். திருக்கோவில், கோமாரிப் பக்கம் போயிக்கொண்டிருக்கிற ஆள் வெள்ளைப் பெட்டியைப் பாத்துக்கொண்டு இருக்கிறதை விட மங்கலா எண்டாலும் சாரி எண்டு விளங்கினா காத்திருப்பார். வெப்பியிலயும் ஏவிஃப்லயும் இந்த வசதி அப்பிடி இல்ல.

வெப்பி 2010ல கூகுள் கொண்டு வந்தது, விபி8 எண்ட வீடியோ முறையில இருந்து எடுத்தது. அதே தரத்தில ஜேபெக்கை விட 25ல இருந்து 34 வீதம் சின்னதா வரும் எண்டு கூகுளே சொல்லுது. கூகுள் தன்ட சாமானைத் தானே அளந்த கணக்கு அது, மொஸ்ஜேபெக்கோட பக்கத்தில வெச்சுப் பாத்தா இடைவெளி குறையும். ஆனாலும் குறையிறது உண்மை. பின்னுக்கு ஒண்டும் இல்லாத ட்ரான்ஸ்பேரன்ட் படமும் இதில செய்யலாம், ஜேபெக்கில அது ஏலாது. முந்தி ஐபோன்ல திறக்காது எண்டு பயந்தம், 2020ல ஐஓஎஸ் 14, ஐபோன்ட ப்ரவுசர் சஃபாரி 14 வந்ததோட அந்தப் பயமும் போயிட்டு. ஐஓஎஸ் 14 ஐபோன் 6எஸ்க்கும் கிடைக்குது, அதால இண்டைக்கு அனேகமா யார்ர கையில இருக்கிற ஃபோன்லயும் வெப்பி திறக்கும் எண்டு நம்பிப் போடலாம்.

ஏவிஃப் 2019ல வந்தது, கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், மொசில்லா எண்டு பெரிய கம்பெனிகள் சேந்து செஞ்ச ஏவி1 வீடியோவில இருந்து பிறந்தது. ஃபைல் சைஸ்ல இதுதான் வெல்லும், நான் செஞ்சு பாத்த படங்கள்ல வெப்பியை விட இது சின்னதாத்தான் வந்திச்சு, எவ்வளவு சின்னது எண்டது படத்தைப் பொறுத்தது. குரோம்ல 2020, ஃபயர்ஃபொக்ஸ்ல 2021, ஐபோன்ல ஐஓஎஸ் 16ஓட 2022, மைக்ரோசொஃப்ட் எட்ஜ்ல 2024ல தான் வந்திச்சு. இதில கவனிக்க வேண்டியது ஐபோன் 7. ஐஓஎஸ் 16 ஐபோன் 8ல இருந்துதான் கிடைக்கும், 7 வெச்சிருக்கிறவருக்கு ஏவிஃப் படம் வராது, வெறும் பெட்டிதான். செகண்ட் ஹேண்ட் ஐபோன் வாங்கிப் பாவிக்கிற ஆக்கள் எங்கட பக்கம் இருக்காங்க, வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர் தன்ட பழசைக் குடுத்திட்டுப் போறதும் நடக்குது, அதால ஏவிஃப் போடுறதெண்டா அது திறக்காத ஃபோனுக்கு ஜேபெக்கோ வெப்பியோ பின்னால வெச்சே போடணும். ஏவிஃப் செய்ய நேரமும் கூட எடுக்கும், ஒரு படம் எண்டாப் பரவாயில்ல, 300 சாரி எண்டா லெப்டொப் சூடாகி ஃபேன் கத்தும்.

இவ்வளவு மட்டும் பாத்தா ஏவிஃப் போடு, ஏலாட்டி வெப்பி போடு எண்டுதான் முடிவு வரும். நானும் அப்பிடித்தான் நினைச்சன். முதல்ல ஒரு சாரிக் கடைக்குச் செய்யக்குள்ள எல்லாத்தையும் வெப்பிக்கு மாத்தி, குவாலிட்டியையும் நல்லாக் குறைச்சு, பேஜ் பறக்குது எண்டு சந்தோசப்பட்டன். ஒரு மாசத்தில கொழும்பில இருந்து ஒரு அக்கா சாரியைத் திருப்பி அனுப்பிட்டா, படத்தில பாத்த கரை வேற, கையில வந்த கரை வேற எண்டு. கடும் பச்சைச் சாரி, கரையில சிவப்பு நூல் மெல்லிசா ஓடுது. படத்தில அந்தச் சிவப்பு நூல் நூலாவே இல்ல, மண்ணிறமா ஒரு பட்டை மாதிரிக் கிடந்திச்சு. பிழை என்ட, அந்த மனுசி சொன்னது முழுக்கச் சரி. அதுக்குப் பிறகுதான் ஏன் எண்டு தேடினன்.

விசயம் இதுதான். இந்த ஃபோர்மட் எல்லாம் படத்தை வெளிச்சம் வேற, நிறம் வேற எண்டு பிரிச்சு வைக்கும். மனுசக் கண் வெளிச்ச வித்தியாசத்தை நல்லாப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாப் பிடிக்காது, அதால நிறத்தைக் குறைச்சு வெச்சாலும் விளங்காது எண்டு 4 பிக்சலுக்கு ஒரு நிறம் எண்டு சேமிக்கும், 2 குறுக்கால 2 நெடுக்கால. மனுசர்ட முகம், கடல், மரம், சோத்துக் கோப்பை எல்லாத்துக்கும் இது சரி. ஆனா பச்சைக்குப் பக்கத்தில சிவப்பு, ரெண்டும் ஒரே அளவு கடும் நிறம் எண்டா வெளிச்சத்தில வித்தியாசமே இல்ல, நிறத்தில மட்டும்தான் இருக்கு, அந்த நிறத்தைத்தான் கால்வாசியாக்கிப் போட்டிருக்கு. ஒரு பிக்சல், ரெண்டு பிக்சல் அகலத்தில ஓடுற நூல் பக்கத்து நிறத்தோட கரைஞ்சு போகும். வெப்பியில நீங்க குவாலிட்டியை 100க்கு ஏத்தினாலும் இது மாறாது, ஏனெண்டா சாதாரண வெப்பி நிறத்தைக் கால்வாசியாத்தான் வைக்கும், வேற வழி இல்ல. ஷார்ப் ஒய்யுவி எண்டு ஒரு ஓப்ஷன் இருக்கு, அதைப் போட்டா கொஞ்சம் தெளியும், முழுக்கத் தெளியாது. ஜேபெக்கிலயும் ஏவிஃப்லயும் நிறத்தைக் குறைக்காதே எண்டு சொல்ல ஏலும், 4:4:4 எண்டு சொல்லுவாங்க. ஃபைல் கொஞ்சம் பெருசா வரும், ஆனா சிவப்பு நூல் சிவப்பு நூலாவே நிக்கும்.

அப்ப ஏவிஃப் 4:4:4 போட்டா ரெண்டு பிரச்சினையும் தீருமே எண்டு கேப்பீங்க. நிறம் தீரும். ஆனா ஏவிஃப்க்கு இன்னொரு பழக்கம் இருக்கு, குவாலிட்டியைக் குறைக்கக் குறைக்க அது கட்டம் கட்டமா உடையாது, வழுவழுப்பாகும். கண்ணுக்கு அழகா, சுத்தமாத் தெரியும், அதாலதான் ஆபத்து. கைத்தறி எண்டா நூல் அங்கங்க கொஞ்சம் தடிக்கும், மெலியும், நெசவில ஒரு சொரசொரப்பு இருக்கும், அந்தச் சொரசொரப்புக்குத்தான் ஆக்கள் கூடக் காசு குடுத்து வாங்குறாங்க. ஏவிஃப் அதைத் தேவையில்லாத நுணுக்கம் எண்டு தேய்ச்சு விட்டா கைத்தறிச் சாரி மெஷின்ல அடிச்ச பொலியஸ்டர் மாதிரித் தெரியும். ஜேபெக் கசங்கினா அசிங்கமா விளங்கும், உடனே திருத்துவீங்க. ஏவிஃப் தேய்ஞ்சா வடிவா இருக்கே எண்டு விட்டிருவீங்க. ஒரிஜினலைப் பக்கத்தில வெச்சு சூம் பண்ணிப் பாக்காம ஒருநாளும் துணிப் படத்தை ஏவிஃப்ல விடாதீங்க.

இதோட சேத்து ஒரு விசயம், குவாலிட்டி நம்பர். ஜேபெக்கில 75, வெப்பியில 75, ஏவிஃப்ல 75 எண்டா மூண்டும் ஒண்டில்ல, ஒவ்வொண்டும் தன்ட தன்ட அளவுகோல். நம்பரை வெச்சு ஒப்பிடாம கண்ணால பாத்துத்தான் நிறுத்தணும். அதே மாதிரி 'எல்லாப் படமும் 100 கேபிக்குள்ள' எண்டு சட்டம் போடுற ஆக்களும் இருக்காங்க, அதையும் நான் ஏத்துக்கொள்ளமாட்டன். நெசவு முழுக்க நுணுக்கம், வானம் முழுக்க வெறுமை, ரெண்டையும் ஒரே சைஸுக்குள்ள அடைச்சா வானம் தப்பும் துணி சாகும். கல்லடிப் பாலத்தில இருந்து வாவியை எடுத்த படம் 80 கேபியில வடிவா நிக்கும், அதே அளவு சாரிப் படத்துக்கு 250 கேபி தேவைப்பட்டாக் குடுங்க.

சைஸ் சுருக்கக்குள்ளயும் துணியில ஒரு தொல்லை வரும், நெசவுக் கோடும் பிக்சல் கோடும் ஒண்டுக்கொண்டு மோதி, இல்லாத அலை அலையா ஒரு டிசைன் தோணும். வாங்குற ஆள் அதைச் சாரி டிசைன் எண்டே நினைச்சிருவார். லான்சோஸ் எண்டு ஒரு சுருக்குற முறை இருக்கு, அதில ரிசைஸ் பண்ணிப் பாருங்க, அப்பவும் வந்தா கொஞ்சம் வேற சைஸ்ல செஞ்சு பாருங்க, அதுக்கும் வந்தா கேமராவைக் கொஞ்சம் சரிச்சு திரும்ப எடுக்கிறதுதான் வழி. நிறத்திலயும் ஒண்டு, ஐபோன் எடுக்கிற படத்தில நிறம் கூடின விரிவில இருக்கும், அது எந்த விரிவு எண்டு சொல்லுற ப்ரொஃபைல் படத்துக்குள்ள கிடக்கும். ஜிபிஎஸ்ஸை அழிக்கிறன் எண்டு போய் அதையும் சேத்து அழிச்சா நிறம் மங்கிப் போகும். முதல்ல எஸ்ஆர்ஜிபிக்கு, அதாவது வெப்சைட்டில சாதாரணமாப் பாவிக்கிற நிற விரிவுக்கு மாத்திட்டு பிறகு அழியுங்க.

அறுகம்பேத் தங்கச்சிட கதை மறுபக்கம். அவட முதல் பேஜ்ல காலை வெயில் ஏறக்குள்ள எடுத்த கடல், முக்காவாசி வானம், ஒரேஞ்சில இருந்து நீலத்துக்கு மெல்ல மெல்ல மாறுது. வெப்பியில குவாலிட்டியைக் குறைச்சா அந்த வானம் படிப்படியாப் பட்டை பட்டையா உடையும், சுவருக்கு நாலு நிறப் பெயின்ட் அடிச்ச மாதிரி. வெப்பி 8 பிட் நிறம் மட்டும்தான் வைக்கும், ஏவிஃப் 10 பிட்டும் வைக்கும், பிட் கூடினா நிறப் படிகளும் கூடும், இப்பிடி மெல்ல மாறுற நிறத்துக்கு அதுதான் கெட்டி. வழுவழுப்பாக்கிற பழக்கம் இங்க பிழையில்ல, வானமே வழுவழுப்புத்தானே. அங்க சீசன் எண்டா மே மாசத்தில இருந்து ஒக்டோபர் மட்டும், வாறவங்க முக்காவாசி வெளிநாட்டுக்காரர், புதுசான ஃபோன், அதால ஏவிஃப் திறக்காது எண்ட பயமும் குறைவு.

பிஎன்ஜியைப் பத்திக் கனக்கச் சொல்லத் தேவையில்ல. 1996ல வந்தது, ஒரு பிக்சலையும் இழக்காது, அதாலதான் ஃபோட்டோவுக்கு ஆகாது, ஒரு கேமராப் படத்தை பிஎன்ஜியில சேமிச்சா பத்து எம்பியைத் தாண்டிப் போகும். ஃபோனில எடுத்த ஸ்க்ரீன்ஷொட், எழுத்து இருக்கிற படம், இதுக்கு மட்டும் வெச்சுக்கொள்ளுங்க, அதையும் ஒண்டையும் இழக்காத லொஸ்லெஸ் வெப்பியில செஞ்சா இன்னும் சின்னதாகும். கடை லோகோவுக்கு எஸ்விஜி, அது பிக்சலா இல்லாமக் கோடுகளாச் சேமிக்கிற ஃபோர்மட், வேற ஒண்டும் யோசிக்க வேணாம். எங்கட ஆக்கள் விலைப்பட்டியலையும் பெருநாள் தள்ளுபடியையும் தமிழ்ல டிசைன் பண்ணி ஜேபெக் படமாப் போடுறாங்க, எழுத்தைச் சுத்திக் கறை கறையா நிக்கும், சுழியும் புள்ளியும் இருக்கிற எழுத்தில அது இன்னும் மோசமா விளங்கும். அதை எழுத்தாவே டைப் பண்ணிப் போடுங்க, கூகுள்லயும் தேடி வருவாங்க, கண் தெரியாதவங்கட ஃபோனும் வாசிச்சுக் காட்டும், நாலு கேபிகூட வராது.

எதால செய்யிறது எண்டதுக்கு நாலு வழி இருக்கு. ஸ்குவூஷ் எண்டு கூகுள் குரோம் டீம் விட்ட ஒரு பக்கம், காசில்ல, படம் உங்கட ப்ரவுசருக்குள்ளயே நிண்டு வேலை நடக்கும், எந்த சேர்வருக்கும் போகாது, நடுவில ஒரு கோட்டை இழுத்து ஒரிஜினலையும் கசக்கினதையும் பக்கத்தில பக்கத்தில பாக்கலாம். நான் மேல சொன்ன 4:4:4, ஷார்ப் ஒய்யுவி, லான்சோஸ் எல்லாம் அதுக்குள்ளயே கிடக்கு. குறை ஒண்டுதான், ஒரு நேரத்துக்கு ஒரு படம். டைனிபிஎன்ஜி கெதியா செய்யும், பேர் அப்பிடி எண்டாலும் ஜேபெக், வெப்பியும் எடுக்கும், பல படத்தை ஒண்டா இழுத்துப் போடலாம், ஆனா எவ்வளவு கசக்குறது எண்டு அது தானே முடிவெடுக்கும், துணிக்கு எனக்கு அது ஒத்துவராது, கெஸ்ட் ஹவுஸ் ரூம் படத்துக்கு நல்லம். மூண்டாவது, வெப்சைட் செய்யப் பாவிக்கிற வேர்ட்பிரஸ்ல சேத்துக்கொள்ளுற ப்ளகின், போட்டுட்டு மறந்திரலாம், ஆனா ஒரு அளவுக்கு மேல போனா மாசாமாசம் டொலர்ல காசு கேட்பாங்க, டொலர் ஏறி இறங்குற நாட்டில சின்னக் கடைக்கு அது பாரம். நாலாவது படத்தை தன்ட சேர்வரில வெச்சு, கேட்கிற ஃபோனுக்கு ஏத்த சைஸும் ஃபோர்மட்டும் தானே வெட்டிக் குடுக்கிற சிடிஎன் சேவை. ஆயிரக்கணக்கில படம் இருக்கிற இடத்துக்கு அதுதான் சரி, 60 சாரிக்கு வேணாம்.

வேர்ட்பிரஸ் பாவிக்கிறவங்க இதை விளங்கிக்கொள்ளணும், நீங்க ஒரு படம் ஏத்தினா அது அதை வெச்சு 300, 768, 1024, 1536 எண்டு வேற வேற சைஸ்ல தானே படம் செஞ்சு வைக்கும், ஃபோனுக்கு ஏத்ததை அனுப்பும். செய்யக்குள்ள திரும்பவும் கசக்கும், ஜேபெக் எண்டா குவாலிட்டி 82ல. நீங்க ஸ்குவூஷ்ல 60க்குக் கசக்கி ஏத்தினா அந்தக் கசங்கலை அது மறுபடி கசக்குது. அதால ஏத்துறதை 2000 பிக்சலுக்குச் சுருக்கி குவாலிட்டியைக் கூட வெச்சு, 90 மட்டில ஏத்துங்க, மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும். வெப்பி 2021ல 5.8 வேர்ஷன்ல இருந்து ஏத்தலாம், ஏவிஃப் 2024ல 6.5ல இருந்து ஏத்தலாம், ஆனா ஏவிஃப்க்கு ஹொஸ்டிங் சேர்வரும் ஒத்துக்கொள்ளணும், மலிவான ஹொஸ்டிங்கில அது இல்லாமலும் இருக்கும். டூல்ஸ்ல சைட் ஹெல்த்துக்குள்ள மீடியா எண்ட இடத்தில ஏவிஃப் எண்டு எழுதியிருக்கா எண்டு பாத்திட்டுத் தொடங்குங்க. சூம் பண்ணிப் பாக்கிற கரைப் படத்தை மட்டும் நீங்களே 4:4:4 ஜேபெக்கா முழுசாச் செஞ்சு, 2560 பிக்சலுக்குள்ள வெச்சு ஏத்தி, பேஜ்ல 'ஃபுல் சைஸ்' எண்டு தெரிவு செய்யுங்க, அப்ப வேர்ட்பிரஸ் அதில கை வைக்காது.

கீழ கிடக்கிற படங்களை ஸ்க்ரோல் பண்ணி வந்தாப் பிறகு இறக்கிற லேஸி லோடிங்கையும் போடுங்க, ஆனா முதல்ல கண்ணில படுற பெரிய படத்துக்கு அதைப் போடாதீங்க, போட்டா அந்தப் படம் பிந்தித்தான் வரும். சிலபேர் ப்ளகின்ல எல்லாத்துக்கும் எண்டு டிக் பண்ணி விட்டிட்டு ஏன் ஸ்கோர் இறங்குது எண்டு கேக்கிறாங்க. படத்துக்கு அகலம் உயரம் ரெண்டையும் எழுதி வையுங்க, இல்லாட்டி படம் வந்து விழக்குள்ள எழுத்தெல்லாம் கீழ குதிக்கும், வாங்குற பட்டனை அமத்தப் போன விரல் வேற எதையோ அமத்தும்.

நானாக்குக் கடைசியில செஞ்சது இதுதான். லிஸ்ட்ல வாற குட்டிப் படமும் ஆள் உடுத்துக்கொண்டு நிக்கிற முழுப் படமும் வெப்பி, ஒவ்வொரு சாரிக்கும் கரை, முந்தானை எண்டு ரெண்டு கிட்டப் படம் மட்டும் 4:4:4 மொஸ்ஜேபெக், ப்ரோக்ரெசிவா, அதுவும் அமத்தினாத்தான் இறங்கும். ஏவிஃப் ஒண்டுமே இல்ல. அவருக்கு அதில கொஞ்சம் மனக்குறை, புதுசைப் போடலையே எண்டு, பிறகு ஏவிஃப், ஜேபெக் ரெண்டு படத்தையும் பெருசாக்கிப் பக்கத்தில பக்கத்தில காட்டினன், நூலை விரலால தொட்டுப் பாக்கிற மனுசன், ஒரு செக்கன்ல விளங்கிட்டு. தங்கச்சிக்கு முதல் பேஜ் வானம் ஏவிஃப், திறக்காத ஃபோனுக்குப் பின்னால ஜேபெக், மிச்ச ரூம், சாப்பாடு, தோட்டம் எல்லாம் வெப்பி, அவ கேட்டது முக்காவாசி சரிதான்.

செஞ்சு முடிஞ்சாப் பிறகு கூகுள்ட வேகம் அளக்கிற பேஜ்ஸ்பீட்ல பச்சை வந்திச்சு எண்டு அங்கயே நிண்டிராதீங்க. வைஃபையை நிப்பாட்டிட்டு, வீட்டில இருக்கிறதிலயே பழைய ஃபோனை எடுத்துக்கொண்டு, சிக்னல் குறைஞ்ச ஒரு இடத்துக்குப் போய் திறந்து பாருங்க, உங்கட வாடிக்கையாளர் பாக்கிறது அதுதான்.

ஒரிஜினல் படங்களை மட்டும் அழிச்சிராதீங்க. ஜேபெக் எக்ஸ்எல் எண்டு இன்னொண்டு வந்திருக்கு, பழைய ஜேபெக்கை ஒரு பிக்சலும் இழக்காம 20 வீதம் மட்டில சுருக்கித் தரும், 2023ல சஃபாரி 17ல திறக்கத் தொடங்கிச்சு, குரோம் அதுக்கு முதலே பரீட்சைக்கு வெச்சிருந்ததை எடுத்திட்டு, அதால அதை நம்பிக் கடை போட ஏலாது. ஆனா ஒருநாள் அதோ வேற ஒண்டோ எல்லா ஃபோன்லயும் வரும், அண்டைக்குத் திரும்பச் செய்யிறதுக்கு கசக்காத படம் கையில வேணும், வித்து முடிஞ்ச சாரியைத் திரும்ப எடுத்து விரிச்சுப் படம் பிடிக்க ஏலாதே. நானாட கடையில ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, சாரி நம்பர் போட்டு, ஃபோன்ல எடுத்தது எடுத்தபடியே மகன் கொப்பி பண்ணி வைக்கிறான், ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மாவுக்குப் போக முதல்.